நரிக்கல்பட்டுத் தாடை

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து எங்கள் மானிடவியல் துறை அலுவலகத்தில் மின்விசிறி ஓடவில்லை. எலக்ட்ரீஷியனுக்குச் சொல்லி அனுப்பினேன், வரவில்லை. வந்தது நரிக்கல்பட்டு ஊராட்சித் தலைவி பச்சையம்மாள். கையில் துணிக்கடைப் பை, பைக்குள் பழைய துண்டு, துண்டுக்குள் மனித குலத்தின் வரலாறு.

“குவாரியில வெடி வெச்சப்ப சரிஞ்சு வந்துது சார். பழைய எலும்பு எதுனா கெடச்சா குவாரிய நிறுத்தலாம்னு வக்கீல் சொன்னாரு. அதான் எடுத்துகினு வந்தேன். பாருங்க, எதுனா தேறுமா?”

கல்லாகிப்போன கீழ்த்தாடைத் துண்டு. பின்பாதி முழுக்கச் சுண்ணாம்புக் கெட்டி அப்பியிருந்தது. வெளியே தெரிந்தவை இரண்டே கடைவாய்ப் பற்கள். முகடுகள் தாழ்ந்து, உருண்டு, நன்றாகத் தேய்ந்திருந்தன. மாட்டுப் பல்லின் வரிகள் இல்லை, நாய்ப் பல்லின் கத்திமுனை இல்லை. கிழங்கும் கறியும் பேதமில்லாமல் தின்ற வாய். முகவாய்க்கட்டையும் இல்லை. மனித வம்சத்தில் முகவாய்க்கட்டை முளைத்தது நமக்கு மட்டும்தான், நமக்கு முந்தியவர்களுக்குக் கிடையாது. (தாடையின் முன்பகுதியே உடைந்து போயிருக்கிறது என்பது வேறு விஷயம்.)

பச்சையம்மாள் போனபின் உதவிப் பேராசிரியை ஜெசிந்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். போன வருடம்தான் வேலைக்கு வந்தவர், இன்னும் பணி நிரந்தரமாகவில்லை. கெட்டிக்காரப் பெண். ஆனால் எதையும் இயந்திரத்தில் வைத்துப் பார்க்காமல் நம்பமாட்டார்.

“சார், இந்தச் சுண்ணாம்புக்குள்ள என்ன இருக்குன்னு தெரியலையே. மெடிக்கல் காலேஜ்ல ஒரு ஸ்கேன் எடுத்துட்டுப் பேசலாமா?”

“எடுக்கலாம், எடுக்கலாம்” என்றேன்.

இந்தத் தணிகாசலத்துக்குப் பல்லைப் பார்க்க ஸ்கேன் எதற்கு? இந்த நாட்குறிப்பு பிற்கால ஆராய்ச்சியாளர்களுக்குப் பயன்படலாம் என்பதால் இன்று முதல் கையெழுத்தைத் திருத்தமாக எழுதுவதென்று முடிவு.

ஜூன் 10, செவ்வாய்

மனிதன்தான்.

ஜூன் 14, சனி

பத்திரிகையாளர் சந்திப்பு. துணைவேந்தர் என்னைத் தன் வலப்பக்கம் உட்கார வைத்தார். வழக்கமாக அந்த இடம் பதிவாளருக்கு.

எளிமையாகவே பேசினேன். எலும்புகளில் மற்றவை மண்ணில் கரைந்துபோகும், பல்லும் தாடையும்தான் மிஞ்சும். அதனால் நம் முன்னோர்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பாதி அவர்கள் வாயிலிருந்து வந்ததுதான் என்றேன். பல்லின் எனாமல் தடித்திருந்தால் கடினமானதைக் கடித்தார்கள், நெருப்பில் சமைக்கத் தொடங்கியபின் தாடை சுருங்கியது, சுருங்கிய தாடையில் இடமில்லாமல்தான் இன்று நமக்கு ஞானப்பல் கோணலாக முளைக்கிறது என்றெல்லாம் விளக்கினேன். ஆண்களின் கோரைப்பல் சிறுத்தபோது கூட்டத்துக்குள் சண்டை குறைந்தது என்று ஒரு கருத்து உண்டு. எங்கள் துறைக் கூட்டத்துக்கு வந்தவர்கள் இதை ஏற்கமாட்டார்கள் என்றேன். சிரித்தார்கள்.

வயது என்ன என்று கேட்டதற்கு, “சில லட்சம் ஆண்டுகள்” என்று பொறுப்போடு சொன்னேன். துணைவேந்தர் மைக்கை இழுத்து, “பத்து லட்சம்” என்றார்.

ஒரு நிருபர், “அவன் தமிழ் பேசியிருப்பானா?” என்று கேட்டார். தாடையின் அமைப்பு பேச்சுக்கு எதிராக இல்லை என்றேன். மாலைப் பதிப்பில் தலைப்பு: ‘பத்து லட்சம் ஆண்டுக்கு முன்பே பேசிய தமிழன்! பேராசிரியர் உறுதி.’

மறுப்பு எழுதலாம் என்று நினைத்தேன். படம் நன்றாக வந்திருந்தது.

ஜூன் 19, வியாழன்

கலெக்டர் உத்தரவு போட்டுவிட்டார். நரிக்கல்பட்டுக் குவாரியில் வேலை நிறுத்தம்.

பச்சையம்மாள் ஒரு பலாப்பழத்தோடு வந்தார். அந்த ஊரில் சுவரில்லாத வீடு உண்டாம், விரிசலில்லாத சுவர் கிடையாதாம். வெடி வைத்தால் பாத்திரம் பரணிலிருந்து விழும். பிள்ளைகளுக்கு வருடம் முழுக்க இருமல். வருடக்கணக்காக மனு கொடுத்திருக்கிறார்கள், சாலையில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருமுறை கைதும் ஆகியிருக்கிறார்கள்.

“உசிரோட கீற வாயி இத்தினி பேரு கத்தினோம், ஒருத்தனும் காதுல வாங்கல. செத்துப்போன வாயி ஒண்ணு வந்துது, ஒரே வாரத்துல நிறுத்திட்டாங்க பாருங்க சார்” என்றார்.

நகைச்சுவையாகச் சொன்னார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பலாப்பழம் காயாக இருக்கிறது. என் மனைவி புனிதவதி கோணியில் சுற்றி வைத்திருக்கிறாள்.

ஜூன் 27, வெள்ளி

இன்று மட்டும் மூன்று சங்கங்கள் வந்தன. ஒவ்வொன்றும் நரிக்கல் மனிதன் தங்கள் சமூகத்தவன் என்று சொல்லிச் சால்வை போர்த்தியது. மூன்றாவது சங்கத்தார், முந்தைய இரண்டு சங்கங்களுக்கும் அவனோடு எந்தச் சம்பந்தமும் இல்லை என்று எழுத்தில் தர முடியுமா என்று கேட்டார்கள். அறிவியல் எல்லோருக்கும் பொது என்றேன். அப்படியானால் ‘பொது’ என்பதில் தங்கள் பெயரை முதலில் போடச் சொன்னார்கள். வீட்டில் இப்போது சால்வைகள் எட்டு. புனிதவதி ஒன்றைத் துவைக்கிற இயந்திரத்துக்கு உறையாக்கிவிட்டாள்.

நரிக்கல்பட்டு முனையில் சிலை வைக்கிறார்கள். அமைச்சர் வந்து திறக்கிறார். சிற்பி வந்து முக அமைப்பைக் கேட்டார். இரண்டு பற்களை வைத்து முழு முகத்தைச் சொல்வது கடினம் என்று ஆரம்பித்தேன். துணைவேந்தர் குறுக்கிட்டு, “மீசை இருக்கட்டும். நெறம் ரொம்பக் கறுப்பா வேணாம். பார்வையில ஒரு தீர்க்கம் வேணும்” என்றார். சிற்பி எழுதிக்கொண்டார். கடைசியில், பல் தெரியணுமா என்று கேட்டார். வேண்டாம் என்று துணைவேந்தர் சொல்லிவிட்டார்.

ஜூலை 7, திங்கள்

ஜெசிந்தா என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். நான் ஊரில் இல்லாதபோது தாடையை ஸ்கேன் எடுத்துவிட்டாராம். அனுமதி கேட்டாரா? கேட்டாராம், ‘எடுக்கலாம், எடுக்கலாம்’ என்று நான் சொன்னேனாம். சிலர் பேச்சை இப்படித்தான் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்கிறார்கள்.

மடிக்கணினியைத் திறந்து காட்டினார்.

“சார், மனுசனோட கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு ரெண்டு வேர். இதுல பாருங்க, நாலு நாலு வேர் இருக்கு.”

“வேர் எண்ணிக்கையில் வேறுபாடு வருவது உண்டு.”

“சரி சார். அப்ப இது?”

சுண்ணாம்புக் கெட்டிக்குள் எலும்புக்கு உள்ளேயே இன்னொரு பல் முளைக்காமல் படுத்திருந்தது. நீளமாக, முகட்டுக்குப் பின் முகடாக, ஒரு சின்னச் சோளக்கதிர் மாதிரி.

நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். எங்கள் துறையில் முதலாண்டு மாணவனுக்குக்கூட அது என்னவென்று தெரியும். அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். பன்றியும் மனிதனைப் போல எல்லாவற்றையும் தின்பது, அதனால் தேய்ந்த பன்றிப் பல் மனிதப் பல்லைப் போலவே இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள், நூறு வருடத்துக்கு முன் அமெரிக்காவில் பெரிய அறிஞர்களே பன்றி இனத்துப் பல் ஒன்றைப் பார்த்து ஏமாந்தார்கள் என்று ஒவ்வொரு ஜூலையிலும் சொல்கிறேன். மாணவர்கள் ஒவ்வொரு ஜூலையிலும் சிரிக்கிறார்கள்.

“நாம திருத்தி ஒரு அறிக்கை குடுத்துடலாம் சார். சீக்கிரம் குடுத்தா நல்லது” என்றார் ஜெசிந்தா. குரலில் கேலி இல்லை. இருந்திருந்தால் கோபப்பட வசதியாக இருந்திருக்கும்.

ஜூலை 8, செவ்வாய்

மழை. பல்கலைக்கழகத்துக்குப் போகவில்லை.

ஜூலை 9, புதன்

மழை இல்லை. போகவில்லை.

ஜூலை 11, வெள்ளி

குவாரி முதலாளி துரைக்கண்ணு வீட்டுக்கு வந்தார். வெள்ளை வேட்டி, பேச்சு மிக மென்மை. ஸ்கேன் விஷயம் எப்படியோ அவர் காதுக்குப் போயிருக்கிறது.

நான் நிமிர்ந்து உட்கார்ந்து, “பொய் சொல்லச் சொல்லி வந்திருந்தால் எழுந்து போகலாம்” என்றேன்.

“ஐயையோ, பொய்யா? உண்மையச் சொல்லுங்க சார், அது போதும் எனக்கு. அது பன்னி. பன்னின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா என் தொழில் நடக்கும். சத்தியத்துக்காகத்தான் சார் வந்திருக்கேன்.”

பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்த நாளிலிருந்து என்னிடம் உண்மையைச் சொல்லும்படி கேட்டு ஒருவர் நேரில் வந்தது இதுதான் முதல்முறை. காபி கொடுத்து அனுப்பினேன்.

என் நிலையை இங்கே தெளிவாக எழுதி வைக்கிறேன். நான் பேசாமல் இருப்பது எனக்காக அல்ல. நரிக்கல்பட்டுப் பிள்ளைகளின் நுரையீரலுக்காக. இதைப் புனிதவதியிடமும் சொன்னேன்.

“பேப்பர்ல படம் வந்தப்பவும் நுரையீரலுக்காகத்தான் சிரிச்சிட்டிருந்தீங்களா?” என்றாள்.

ஜூலை 16, புதன்

துணைவேந்தர் அறையில் கூட்டம். துரைக்கண்ணு யார் மூலமாகவோ ஸ்கேன் படங்களைக் கலெக்டருக்கே அனுப்பிவிட்டார். ஜெசிந்தாதான் அவரிடம் விலைபோய்ப் படங்களைக் கொடுத்துவிட்டார் என்று துணைவேந்தர் சொன்னார். ஜெசிந்தா நின்றுகொண்டிருந்தார், உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

“நான் யாருக்கும் குடுக்கல சார். ஆனா படத்துல இருக்கறது பன்னிதான். தணிகாசலம் சாரைக் கேளுங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பேச வாயெடுத்தேன். தேநீர் வந்துவிட்டது.

தேநீருக்குப்பின் துணைவேந்தரே பேசினார். “பன்னியா மனுசனான்னு முடிவு பண்றதுக்கு நீ யாரும்மா? அதுக்குன்னு சிண்டிகேட் இருக்கு.” ஜெசிந்தாவிடம் விளக்கம் கேட்டு ஓலை கொடுப்பதென்றும், திருப்தி இல்லையென்றால் வேலையிலிருந்து நீக்குவதென்றும் முடிவாகியது. திருப்தி இருக்காது என்பதும் அங்கேயே முடிவாகிவிட்டது.

வெளியே வராந்தாவில் ஜெசிந்தா என்னைக் கடந்து போனார். “வரேன் சார்” என்றார், எப்போதும் சொல்வதைப் போலவே.

ஜூலை 20, ஞாயிறு

வயிறு சரியில்லை. ரசம் சாதம். ஜெசிந்தாவுக்கு நடந்ததைச் சொன்னதிலிருந்து புனிதவதி கேட்டதற்குப் பதில் சொல்கிறாள், தானாகப் பேசுவதில்லை. விழாவுக்கான உரையை இரண்டு பக்கத்துக்குள் முடித்துவிட்டேன். நன்றாக வந்திருக்கிறது.

ஜூலை 25, வெள்ளி

விழா. நரிக்கல்பட்டு முனையில் பந்தல். சிலை மேல் பட்டுத்துணி மூடியிருந்தது. துணிக்குள்ளேயே மீசை புடைத்துத் தெரிந்தது. முதல் வரிசையில் மூன்று சங்கத்தாரும் இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தார்கள். பச்சையம்மாள் ஊர்ப் பெண்களோடு பக்கவாட்டில், புதுப்புடவையில்.

அமைச்சர் வரத் தாமதம். துணைவேந்தர் என் காதருகே குனிந்து, “விழா முடிஞ்சதும் அந்தப் பொண்ணுக்கு ஆர்டர் அடிச்சிடலாம். துறைத் தலைவர்ங்கற முறையில நீங்க ஒரு வரி எழுதிக் குடுங்க. ‘அடிப்படைப் பல்லறிவு போதாது’ன்னு” என்றார்.

என் பெயரை அழைத்தார்கள். போய் முதல் பக்கத்தைப் படித்தேன். கைதட்டினார்கள். இரண்டாம் பக்கமும் கையில்தான் இருந்தது. காற்று அடிக்கவில்லை, கண்ணாடியும் போட்டிருந்தேன்.

“இந்தத் தாடை மனிதனுடையது அல்ல. பன்றியுடையது. தவறாகச் சொன்னது நான். சரியாகச் சொன்னது டாக்டர் ஜெசிந்தா. அவருடைய பல்லறிவு என்னுடையதைவிடப் பெரிது” என்றேன்.

கூட்டத்தின் பின்வரிசையில் யாரோ, “இன்னாது பன்னியா?” என்று கேட்டது மட்டும் தெளிவாகக் கேட்டது. மைக்கை அணைத்தார்கள்.

அமைச்சர் எழுந்து வேறொரு மைக்கில், “பேராசிரியரோட அவையடக்கத்தைப் பார்த்தீங்களா? இதுதான் தமிழன் பண்பு!” என்று சொல்லிக் கயிற்றை இழுத்தார். துணி விழுந்தது. மீசையோடு, தீர்க்கமான பார்வையோடு, ஆதித் தமிழன் நின்றான். கைதட்டல் அடங்கவே இல்லை.

நான் கீழே இறங்கி வந்தபோது பச்சையம்மாள் தட்டாமல் உட்கார்ந்திருந்தார்.

ஜூலை 26, சனி

துறைத் தலைவர் பொறுப்பிலிருந்து என்னை விடுவித்துவிட்டார்கள். ஜெசிந்தாவுக்கு எதிரான ஓலை நிறுத்திவைப்பு. மேடையிலேயே சொல்லிவிட்டதை இனி மறைக்க வழியில்லை போலும்.

மூன்று சங்கங்களும் தனித்தனியே அறிக்கை விட்டிருக்கின்றன. தாடைக்கும் தங்களுக்கும் எந்தக் காலத்திலும் தொடர்பில்லையாம். ஒரு சங்கம் சால்வையைத் திருப்பிக் கேட்டு ஆள் அனுப்பியது. துவைக்கிற இயந்திரத்திலிருந்து எடுத்துக் கொடுத்தோம்.

துரைக்கண்ணு ஆளுயர மாலை அனுப்பியிருந்தார். திருப்பி அனுப்பினேன். ஆகஸ்ட் நாலாம் தேதி குவாரி திறக்கிறதாம்.

சாயங்காலம் பச்சையம்மாள் போனில் பேசினார்.

“ஏன் சார் சொன்னீங்க?”

“அது பன்றிம்மா. இல்லாததைச் சொல்ல முடியாது.”

“அதத்தான் சார் கேக்கறேன். பன்னின்னு தெரிஞ்சுகினு இத்தினி நாளு பேசாத இருந்தீங்க இல்ல? இன்னும் ரெண்டு நாளு இருந்தா இன்னா? கோர்ட்டுல எங்க கேசு வருது.”

போனை அவரே வைத்துவிட்டார்.

இரவு புனிதவதி தானாக வந்து, மோர் வேண்டுமா என்று கேட்டாள்.

ஜூலை 29, செவ்வாய்

ஜெசிந்தா கூப்பிட்டார். பரிசோதனைக் கூடத்தில் தாடையை மேசையில் தலைகீழாக வைத்திருந்தார். சுண்ணாம்பைப் பாதிக்கு மேல் சுரண்டி எடுத்துவிட்டார்.

“சார், இத்தனை நாளா ரெண்டு பேரும் பல்லையே பாத்துட்டிருந்தோம். எலும்பைப் பாருங்க.”

தாடையின் உட்புறம், நாக்கு ஒட்டியிருந்த பக்கத்தில் மெல்லிய கோடுகள். ஒன்றுக்கொன்று இணையாக, ஒரே சாய்வில். நுண்ணோக்கியில் வைத்தோம். நாய் கடித்த தடம் உருண்டையாக, குழியாக இருக்கும். இவை கூர்மையாக, ஆழ்ந்து, வாய்க்கால் வெட்டியதைப் போல. ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் பழைய சுண்ணாம்பு இறுகிக் கிடந்தது. குவாரி இயந்திரம் கீறியதென்றால் உள்ளே சுண்ணாம்பு இருக்காது.

“நாக்கை அறுத்து எடுத்திருக்காங்க சார். கல்லுக் கத்தியால.”

நுண்ணோக்கியில் மறுபடி குனிந்து பார்த்தேன். அவர் நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

தாடை மனிதனுடையது அல்ல. ஆனால் அதைச் சாப்பிட்டவன் மனிதன். அவனைத் தேடி நாங்கள் பன்றியின் வாய்க்குள் பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் வெளியே உட்கார்ந்து கறி அறுத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

இந்தக் கோணத்தில் ஆராயலாம் என்று எனக்கும் ஒரு யோசனை முன்பே இருந்தது. ஆனால் கட்டுரையில் ஜெசிந்தா பெயர் முதலில் வரட்டும் என்று சொல்லிவிட்டேன். இரண்டாவதாக என் பெயரைப் போடட்டுமா என்று அவர்தான் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நாளை குவாரி திறப்பு. ஊர்க்காரர்கள் போட்ட கேசைக் கோர்ட்டு தள்ளிவைத்துவிட்டதாம். தாடை மட்டும் போதாது, அது எந்த மண்ணடுக்கிலிருந்து வந்ததோ அதே அடுக்கில் கருவிகள் வேண்டும். விடிந்ததும் நானும் ஜெசிந்தாவும் நரிக்கல்பட்டுக்குப் போனோம். குவாரி வாசலில் துரைக்கண்ணுவின் ஆட்கள் நின்றார்கள். பச்சையம்மாள் ஊர்ப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து எங்களுக்கு முன்னால் நடந்தார். ஆட்கள் விலகினார்கள்.

பச்சையம்மாள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜெசிந்தாவிடம், “இன்னா தேடணும், சொல்லும்மா” என்றார்.

ஒரு பக்கம் சில்லுச் சில்லாகப் பெயர்த்துக் கூராக்கிய கல் எப்படி இருக்கும் என்று ஜெசிந்தா காட்டிக் கொடுத்தார். வெயிலில் எல்லோரும் குனிந்து தேடினோம். தாடை சரிந்த அதே சிவப்பு அடுக்கில், மண்ணுக்குள் பாதி புதைந்தபடியே ஒரு கைக்கோடரி கிடைத்தது. பிறகு சின்னச் சின்ன வெட்டுக் கற்கள் பல. எடுப்பதற்குமுன் அளந்து, படமெடுத்து, தாசில்தாரை வரவழைத்துக் கையெழுத்து வாங்கினார் ஜெசிந்தா. நான் குடை பிடித்தேன். கல்லுக்கு நிழல் வேண்டும், படத்துக்கு.

சாயங்காலத்துக்குள் கலெக்டர், மறு உத்தரவு வரை குவாரியைத் திறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். துணைவேந்தர் போன் செய்தார். தனக்கு இது ஆரம்பத்திலேயே தோன்றியதாம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நரிக்கல்பட்டில் ஆடித் திருவிழா. எங்களை அழைத்திருந்தார்கள். புனிதவதிக்குக் கால்வலி, வரவில்லை. கோயில் வாசலிலேயே பச்சையம்மாள் என்னை நிறுத்தினார்.

“அப்ப அந்தத் தாடை எங்க தாத்தன் இல்ல?”

“இல்லம்மா. பன்றி.”

“அறுத்துத் தின்னவன்?”

“அவன் மனிதன். சந்தேகமில்லை.”

“அப்ப சரி. சிலைய நாங்களே வெச்சிக்கறோம். மீசைய மட்டும் எடுக்கச் சொல்லுங்க, எங்க ஊர்ல தாத்தனும் பாட்டியும் சேர்ந்துதான் கறி அறுப்பாங்க” என்றார். முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஜெசிந்தாவிடம் ஒரு சின்னப் பெண், பன்றிக்கு எத்தனை பல் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நாற்பத்து நாலு என்றார். நமக்கு முப்பத்திரண்டுதானா என்று அவள் முகம் வாடிவிட்டது.

மரத்தடியில் வரிசையாக இலை போட்டார்கள். எங்கள் வீட்டில் முட்டைகூட நுழைந்ததில்லை. அது எப்படியோ இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பச்சையம்மாள் இரண்டு பாத்திரங்களோடு என் முன்னால் வந்து நின்று, “இது சாருக்குன்னு தனியா செஞ்ச சாம்பார். இது ஊருக்குச் செஞ்சது. ஊருக்குச் செஞ்சது எதுன்னு உங்களுக்கே தெரியும். எது வேணுமோ சொல்லுங்க, நாங்க ஒண்ணும் நெனச்சிக்கமாட்டோம்” என்றார். வரிசையில் இருந்த எல்லோரும் தங்கள் இலையைப் பார்ப்பதைப் போல என்னைப் பார்த்தார்கள். ஜெசிந்தாவும்.

என்ன சாப்பிட்டேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. புனிதவதி இந்த நோட்டைப் படிக்கிறாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. நன்றாக மென்று சாப்பிட்டேன். வலது கடைவாய்ப் பல்லிடுக்கில் ஏதோ ஒரு நார் சிக்கியிருக்கிறது. வீட்டுக்கு வந்து இவ்வளவு நேரமாகியும் வர மறுக்கிறது.